நம்மாளுங்களும் தொப்பி போட்ட ஆடும்

பயஸ்கோப்பில் பேசுவதற்கு அப்பா எனக்கு மூன்று நிபந்தனைகள் போட்டார். ஆண்பிள்ளை எவன் கண்ணிலும் நான் படக் கூடாது. ஆண்பிள்ளை எவன் காதிலும் என் குரல் விழக் கூடாது. என்னைப் பற்றி ஒரே ஒரு புகார்கூடக் கடை வாசலை மிதிக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றோடு பயஸ்கோப்பும் சரி, நானும் மாடியோடு சரி.

மாடி என்றால் பதுளைக் கடைத்தெருவில் எங்கள் துணிக்கடைக்கு மேலே இருக்கிற மூன்று அறை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பு முடிந்ததும் என்னை அங்கே ஏற்றி வைத்துவிட்டார்கள், விலை போகாத சீட்டித் துணியை ஏற்றி வைக்கிற மாதிரி. மரச்சட்டம் அடித்த சன்னல் ஒன்று. அதன் வழியாக வண்டி மாடுகளைப் பார்க்கலாம். எந்த மாடு எந்தக் காலை இழுக்கிறது என்பது வண்டிக்காரனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மாடியில் இங்கிலீஷ் படித்தவளுக்குக் கிடைத்த உத்தியோகம் அதுதான்.

ரயில் பதுளை வரைக்கும் வந்த புதிது. அதில் ஏறி ஒரு நாள் பயஸ்கோப்பும் வந்து இறங்கியது. சந்தைக்குப் பின்னால் இருந்த திடலில் கூடாரம் அடித்தார்கள். முதலாளி சென்னைப்பட்டணத்துக்காரர், மீசைக்கு எண்ணெய், பேச்சுக்கு வெண்ணெய். ஒரு வாரம் ஆண்களுக்குக் காட்டினார். ஊரே அதைப் பற்றித்தான் பேச்சு. பெண்களுக்கு மட்டும் அந்தப் பேச்சோடு சரி.

பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. ஊரில் பாதி சனம் பெண்கள். அவர்களைப் பார்க்கவிடாமல் வைத்திருப்பது பாவம், முக்கியமாகத் தனக்குப் பாவம். சனிக்கிழமை மத்தியானம் பெண்களுக்கு மட்டும் ஒரு காட்சி போடலாம். முதல் காட்சி கலாட்டா இல்லாமல் நடந்தால் வாராவாரம் சனிக்கிழமை பெண்களுக்கு. நடக்காவிட்டால் கிடையாது, எப்போதுமே கிடையாது.

ஆனால் படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுத்து வரும். அதை ஒருவர் பக்கத்தில் நின்று உரக்கத் தமிழில் சொல்ல வேண்டும். ஆண்கள் காட்சிக்குச் சொல்கிற ஆளைப் பெண்கள் நடுவில் நிறுத்த முடியாது. கடைத்தெருவில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் அப்போது இரண்டே பேர். ஒருவர் என்னுடைய பள்ளிக்கூட டீச்சர். அவருக்கு பயஸ்கோப் என்றால் நரகத்தின் கொல்லைப்புறக் கதவு. மற்றவள் நான்.

முதலாளி அப்பாவிடம் வந்து கெஞ்சினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல, முதலாளி ஒவ்வொன்றுக்கும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றார். முதலாவதற்குக் கூடார இருட்டு போதும், இரண்டாவதில்தான் சிக்கல். மிஷினைச் சுற்றுகிறவர் ஆண்பிள்ளை. அவர் இல்லாமல் படம் இல்லை. அவருக்குக் காது இரண்டும் இருக்கிறது.

என் அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள். அத்தை அப்பாவின் அக்கா. வீட்டில் அப்பா அப்பீல் கோர்ட், அத்தை அதற்கும் மேலே. "பஞ்சு எதுக்கு இருக்கு?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை என்னை முக்காடு போட்டுக் கைப்பிடியாகக் கூடாரத்துக்கு அழைத்துப் போனாள். மிஷின்காரர் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார், சாதுவான மனிதர். அத்தையே பஞ்சை நல்லெண்ணெயில் தோய்த்து உருட்டி, அவர் காதில் அவரையே அடைக்கவைத்தாள். பிறகு முதுகுப் பக்கம் போய் நின்று, "டேய், கழுத!" என்றாள். அவர் திரும்பவில்லை. "நெருப்பு!" என்றாள். அவர் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்குத் திருப்தி.

உள்ளே முன்பக்கம் பெஞ்சுகள், கடைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு. பின்னால் தரையில் பாய்கள், தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த பெண்களுக்கு. அவர்கள் ரயிலேறி வந்திருந்தார்கள். கூடாரத்துக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டுதான் நுழைந்தார்கள், எதற்கென்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் முன்னால், தனியாக ஒரு பிரம்பு நாற்காலி. அது துரைசாணிக்கு. தெமோதரைத் தோட்டத்துத் துரையின் மனைவி. "நேட்டிவ் பெண்களின் முன்னேற்றம்" என்று ஏதாவது எங்கே நடந்தாலும் அங்கே அவருடைய குடையைப் பார்க்கலாம். தோட்டத்துப் பெண்களுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர் முகம் சுளித்தால் அரைநாள் போகும். அரைநாள் போனால் பாய்கள் காலி. பாய்கள் காலியானால் முதலாளி கூடாரத்தைச் சுருட்டிவிடுவார்.

என் இடம் திரைக்குப் பக்கத்தில், துரைசாணியின் நாற்காலியை ஒட்டி. கூடார வாசலை மூடி விளக்கை அணைத்ததும் நான் ஒரு அடி திரைப் பக்கம் நகர்ந்தேன். முதலில் எங்கேயோ ஒரு ராஜா ஊர்வலம் போனார். நிறையக் குதிரை. தோட்டத்துப் பெண்கள் குதிரைகளுக்குக் கை அசைத்தார்கள்.

அடுத்து வந்ததுதான் கோட்டுப்படம். ஆட்களைப் படம் பிடிக்காமல், மையால் கோடு போட்டு எழுதிய பொம்மைகளையே ஓடவிடுகிற படம். அதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு கோழியை வரைந்து, கட்டைவிரலால் சரசரவென்று புரட்டி, அதை முட்டை போட வைத்தவள் நான். அதற்காக மூலையில் நின்றவளும் நான்தான். ஒரு கோழிக்கே ஒரு புத்தகம் தீர்ந்தது. ஒரு படத்துக்கு எத்தனை கை, எத்தனை மைக்கூடு! வெள்ளைத் துணியில் முதல் கோடு தானாக ஓடி ஒரு கப்பலாக ஆனபோது என் கட்டைவிரல் தானாகப் பக்கம் புரட்டியது.

கப்பலில் ஒரு ஆடு. தொப்பி போட்டு, கையில் குச்சி வைத்து, இரண்டு காலில் நிற்கிற ஆடு. பக்கத்தில் இன்னொரு ஆடு, பாவாடை கட்டிக் குடை பிடித்து. கண்ணிமை மட்டும் தென்னங்கீற்று நீளம்.

"இது யாருடி?" என்றாள் அத்தை.

"அது பொம்பளை ஆடு, அத்தை."

"எப்படித் தெரியும்?"

"இமை நீளமா இருக்கே."

"உங்க மாமாவுக்கு இமை இதைவிட நீளம்," என்றாள் அத்தை. பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

பிறகு ஒரு தீவு. தீவில் ஆட்கள். உடம்பு முழுக்க மையால் அப்பிய கறுப்பு, வாயைச் சுற்றி வெள்ளை வளையம், கண்கள் இரண்டு தட்டு, இடுப்பில் இலை. எல்லோருக்கும் ஒரே முகம். ஒருவனை எழுதிவிட்டு மற்றவர்களை அச்சுக் குத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் வரிசையாக நிற்க, பெரிய தொப்பையோடு ஒருவன் எதிரே வந்து நின்றான்.

"பெரட்டு!" என்று பாயிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், பாய் முழுக்க அதிர்ந்தது. விடிந்ததும் வேலை பிரித்துக் கொடுக்கத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்துவார்களே, அதுதான் பெரட்டு. "தொப்பையப் பாரு, நம்ம பெரிய கங்காணியேதான்!"

அப்போதுதான் அந்த எழுத்து வந்தது. "தி நேட்டிவ்ஸ் ஆர் ஹங்ரி."

ஹங்ரி சரி. நேட்டிவ்ஸ்? நான் யோசிக்கவே இல்லை. எட்டு வயதிலிருந்து அந்தச் சொல்லோடு வளர்ந்தவள் நான். "நேட்டிவ் பெண்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள்" என்றால் நான் உட்கார வேண்டும். "நேட்டிவ் டிரெஸ்" என்றால் என் பாவாடை தாவணி. "நேட்டிவ் உணவு" என்றால் என் தூக்குச் சட்டியில் இருக்கிற புளிச்சோறு. நேட்டிவ் என்றால் யார் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"நம்மாளுங்களுக்குப் பசி!" என்று உரக்கச் சொன்னேன்.

பின்னாலிருந்து, "அடப் பாவமே!" என்று ஒரு குரல். சிவப்புச் சேலை கட்டிய ஒரு அக்கா, பாய்களின் நடுவில் உட்கார்ந்திருந்தவள். "இன்னும் தோட்டத்துல அரிசி போடலியாக்கும்!"

"ஒட்டிப் போயிருக்கு பாரு வயிறு, தொப்பையனைத் தவிர."

பெஞ்சிலிருந்து நகைக்கடை அம்மாள் மூக்கைச் சுருக்கினாள். அவள் நல்ல நிறம். அதைப் பகலில் மூன்று தடவையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "கரிக்கட்டை மாதிரி இருக்குதுங்க. தோட்டத்து ஆளுங்களைப் பார்த்து எழுதினாப்ல," என்றாள், மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"ஆமாங்கம்மா, நாங்கதான்," என்றாள் சிவப்புச் சேலை அக்கா, எழுந்தே நின்று. "வெயில்ல நின்னா அப்படித்தாங்க ஆகும். அந்தத் தொப்பி போட்ட ஆடு யாருங்க, உங்க வூட்டுக்காரவுகளா? கப்பல்ல வந்து எறங்குன சோக்கைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

சிரிப்பில் கூடாரக் கயிறு அறுந்திருக்கும். நகைக்கடை அம்மாளுக்கே உதடு துடித்தது.

திரையில் கப்பல் கவிழ்ந்தது. தொப்பி போட்ட ஆடு தண்ணீரில் விழுந்து, இமைக்காரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தது. அவளை மணலில் கிடத்திவிட்டு, தலையிலிருந்து வால்வரை சிலிர்த்து ஒரு உதறு உதறியது பாருங்கள்!

"துலுக்கிருச்சு!"

யார் முதலில் சொன்னது என்று தெரியாது. பாயெல்லாம் எழுந்து நின்றது. சாமிக்குக் கடா வெட்டுகிற எவருக்கும் தெரியும்: மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கடா உடம்பை உதறித் துலுக்கினால்தான் சாமி சம்மதம் சொன்னதாக அர்த்தம். துலுக்காத கடாவை வெட்ட முடியாது. துலுக்கிய கடாவை வெட்டாமல் விடவும் முடியாது. இந்த ஆட்டுக்குத் தண்ணீர் தெளிக்கக்கூடத் தேவைப்படவில்லை. சமுத்திரத்திலேயே முங்கி எழுந்து, கேட்காமலே துலுக்கிவிட்டது.

பிறகு எல்லாமே தெளிவாகிவிட்டது. இடுப்பில் இலை? வேப்பிலைச் சேலை, மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன். வாயைச் சுற்றி வெள்ளை? விபூதி. தீவு ஆட்கள் குதித்துக் குதித்து மேளம் அடித்தார்கள். பாயில் இருந்தவர்கள் தொடையில் தப்பு மேளத் தாளம் போட்டார்கள். பெரிய அண்டா வந்தது, அடுப்பு மூட்டினார்கள், ஆட்டைப் பிடித்து அண்டாவில் இறக்கினார்கள்.

"வெட்டாமலே வேகவைக்கிறாங்களே, இது என்ன முறை?" என்றாள் அத்தை கவலையோடு.

"அது அவுங்க ஊர் முறைங்க, அம்மா," என்றாள் சிவப்புச் சேலை அக்கா பின்னாலிருந்து. அவர்கள் இருவரும் அதற்கு முன் பேசியதே கிடையாது.

சைவக்காரர் வீட்டு மருமகள் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கண் மட்டும் வெளியே இருந்தது.

எனக்குத்தான் உள்ளே உறுத்த ஆரம்பித்தது. படம் எழுதியவன் நம்மாளுங்களை நாம் சிரித்து மகிழ எழுதவில்லை, மற்றவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறான். நிறைய மை செலவழித்து எழுதியவர்கள் எல்லாம் முட்டாள்கள். மையே தொடாமல் வெறும் தாளாக விட்டவர்கள் எல்லாம் புத்திசாலிகள். தீவு ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டி விழுந்தார்கள். கரையேறிய பிறகு ஆடு ஒருமுறைகூட விழவில்லை. இது எனக்கு இரண்டாவது நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ஆனால் யாரிடம் சொல்வது? பின்னால் ஒரு திருவிழா நடந்துகொண்டிருந்தது.

மணலில் இமைக்காரி மயக்கம் தெளிந்தாள், அண்டாவைப் பார்த்தாள், புறங்கையை நெற்றியில் வைத்து மறுபடி மயங்கினாள்.

"பொம்பளைன்னா இப்படி மெல்லமா இருக்கணும்," என்றாள் நகைக்கடை அம்மாள்.

"நாலு நாள் கொழுந்துக் கூடை கட்டி மலையில ஏத்துனா தெரியும், மெல்லம்," என்றது பாய். "அவளுக்குக் கை எதுக்கு இருக்கு? குடை பிடிக்கவா?"

"கொம்புகூட இல்லைடி அவளுக்கு. எழுதினவன் மறந்துட்டான் போல."

அப்போது வந்தாள் ஒருத்தி. தொப்பையனின் பெண்சாதி. அவனைவிட இரண்டு மடங்கு, கழுத்து இல்லை, இமையே இல்லை, கையில் உலக்கை மாதிரி ஒரு கரண்டி. அண்டாவில் உப்பு பார்த்தாள், பிடிக்கவில்லை, தொப்பையன் மண்டையில் ஒரு போடு போட்டாள். அவள் அவலட்சணம் என்று நாம் சிரிக்க வேண்டும் போல. ஆனால் கூடாரம் கைதட்டியது. பெஞ்சு, பாய் எல்லாம் சேர்ந்து.

"இவதான்டி ஆளு!"

"எங்க லயத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லு, ஒரு வாரத்துக்கு!"

அந்தத் தீவில் பெயர்சொல்லும்படி இருந்த ஒரே பொம்பளை அவள்தான். அவள் இன்னும் இரண்டு போடு போட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் ஆடு தப்பித்துவிட்டது. அண்டாவிலிருந்து எகிறி, தொப்பையனை முட்டித் தள்ளி, தன் தொப்பியைத் தண்ணீரில் போட்டது. தொப்பி படகானது. மயங்கினவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆடு கிளம்பிவிட்டது.

"ஐயோ! புடிங்க! துலுக்கின கடா!"

துலுக்கின கடா தப்பினால் ஊருக்கு ஆகாது. பாயிலிருந்தவர்கள் திரைக்கு ஓடிவந்தார்கள். பெஞ்சிலிருந்து என் அத்தை தன் வெற்றிலைப் பெட்டியை ஆட்டின்மேல் எறிந்தாள். அது திரையில் பட்டுத் துரைசாணி மடியில் விழுந்தது.

வெளியே முதலாளியின் கத்தல் கேட்டது. "நிறுத்துய்யா! மிஷினை நிறுத்து!" மிஷின்காரர் எப்படி நிறுத்துவார்? அத்தையின் பஞ்சு கெட்டியான பஞ்சு. அவர் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஆடு அடிவானம் வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டுத்தான் படம் முடிந்தது.

வெளிச்சம் வந்ததும் துரைசாணி வெற்றிலைப் பெட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு மாடிச் சன்னலும் வண்டி மாடுகளும் கண்முன்னே வந்து நின்றன.

"இவர்கள் ஏன் அந்த நேட்டிவ்களுக்காகக் கத்துகிறார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். கோபம் இல்லை, நிஜமான ஆச்சரியம். "வெள்ளாட்டுக்காக அல்லவா கத்த வேண்டும்?"

"மேடம், அது ஆடு," என்றேன்.

"அது கதாநாயகன்."

"ஆமாம், மேடம். இங்கே திருவிழாவில் அவர்தான் சாப்பாடு."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். "நேட்டிவ்ஸ் என்பதற்கு நீ என்ன சொன்னாய்?"

"நம் ஆட்கள் என்று சொன்னேன், மேடம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் அர்த்தம்."

"இல்லை, குழந்தாய். அவர்கள் நீங்கள் இல்லை. அவர்கள் வேறு வகை."

"எந்த வகை, மேடம்?"

அவர் வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் என் கையைப் பார்த்தேன். மை கொஞ்சம் தாராளமாகச் செலவழித்து எழுதிய கைதான்.

"வேறு வகை நேட்டிவ்ஸ்," என்றார் கடைசியில். "இந்தப் படம் சிரிப்பதற்கு. யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால் பிரயோஜனம் இல்லை."

வெளியே போய் முதலாளியிடம் பேசினார். முதலாளி திரும்பி வந்தபோது மீசை தொங்கியிருந்தது. கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம் நின்று, நிபந்தனையை மதித்து, அத்தை மூலமாகப் பேசினார். "அடுத்த சனிக்கிழமை இதே படத்தை ஒழுங்கா சொல்லணுமாம். காட்டுமிராண்டின்னு சொல்லணும். அவங்களே வந்து கேப்பாங்க. சொன்னா எல்லாச் சனிக்கிழமையும் அரைநாள். இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"காட்டுமிராண்டின்னு சொல்லணுமாம்," என்றாள் அத்தை, எனக்கு அது கேட்காத மாதிரி. பிறகு தன் பங்குக்கு, "பாவம், பசியில இருக்கிறவங்களைப் போய்," என்றாள்.

இது ஒரு கண்டம் என்றால், வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. திங்கட்கிழமை காலை கடை வாசலுக்குப் புகார் வந்துவிட்டது. கொண்டுவந்தது நகைக்கடை அம்மாள்தான், ரவிக்கைத் துணி எடுக்க வந்த சாக்கில். மாடிப்படியில் நான் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உங்க மக பேசினது எப்படின்னு கேக்குறீங்களா? கணீர்னு பேசிச்சு. அதைச் சொல்ல வரலை," என்றாள். "ஆனா கடா தப்பிச்சிருச்சுங்க. மனசே சரியில்லை. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா கேட்டார். "கடா எப்படித் தப்பிச்சது?"

நான் சொன்னேன், அண்டாவிலிருந்து தொப்பிப் படகு வரைக்கும். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"துலுக்கினதா?"

"நல்லாத் துலுக்கினதுப்பா."

"எத்தனை பேர் இருந்தாங்க பிடிக்க?"

"நாற்பது, ஐம்பது பேர். ஒருத்தர்மேல ஒருத்தர் விழுந்துட்டாங்க."

"கட்டாம விட்டிருக்கானுங்க," என்றார் அப்பா. அவருக்கு நிஜமாகவே கோபம். கொஞ்ச நேரம் கழித்து, ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை போய் என்ன ஆச்சுன்னு பாத்துட்டு வா," என்றார்.

படம் மாறாது, அதே ஆடு அதே மாதிரிதான் தப்பிக்கும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நான் மாடியில் இருக்க வேண்டியதுதான். ரசத்தை ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் தோசைக்கு அரைக்கச் சொன்னார்கள். நான் புறங்கையை நெற்றியில் வைத்து, இமையைப் படபடவென்று அடித்து, சுவரோடு சாய்ந்து மயங்கிப் பார்த்தேன். அத்தை என்னைத் தாண்டிப் போய் அரிசியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "விழுறதுதான் விழுற, ஆட்டுக்கல் பக்கமா விழு," என்றாள். இமை எல்லோருக்கும் பலிப்பதில்லை.

அந்த வாரம் முழுக்க நான் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகினேன். காட்டுமிராண்டி, காட்டுமிராண்டி. கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் சிரிப்பு வந்தது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அத்தை பயத்தமாவும் மஞ்சளும் குழைத்து வந்தாள், வழக்கம்போல என் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட. "ஏன் அத்தை, இது போய்ட்டா நான் ஆட்டுக் கட்சியா?" என்று கேட்டேன். அவள் கை நின்றது. மாவைக் கொண்டுபோய்க் கழுநீரில் கொட்டினாள். மறுநாள் மறுபடி குழைத்துக்கொண்டு வந்தாள் என்பது வேறு விஷயம்.

அடுத்த சனிக்கிழமை கூடாரத்தில் எள் போட இடம் இல்லை. முதல் வாரம் வந்தவர்கள் வராதவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். "இன்னைக்குப் புடிச்சிருவாங்க," என்று பாயில் ஒரே பேச்சு. போன தடவை எந்த இடத்தில் கோட்டை விட்டார்கள் என்பதைச் சிவப்புச் சேலை அக்கா புதியவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் நகைக்கடை அம்மாள் மடியில் கற்பூரம் வைத்திருந்தாள். துரைசாணி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, என் பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டார். அவருக்குத் தோட்டத் தமிழ் கொஞ்சம் தெரியும். காட்டுமிராண்டி என்ற சொல்லை முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். நான் என்ன சொல்கிறேன் என்று அவர் கேட்பார். முதலாளி துணிக்கு வெளியே நின்று கேட்பார். அவர் கேட்பது அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

கப்பல் வந்தது. இமை வந்தது. பெரட்டு நடந்தது. சொன்னால் இந்த இடம் எனக்கு நிலைக்கும். சொன்னால் பின்னால் இருக்கிற இத்தனை பேர் முகமும் விழுந்துவிடும். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் அடுத்த வாரம் மலையில்தான் நிற்பார்கள்.

எழுத்து வந்தது.

"காட்டுமிராண்டிகளுக்குப் பசி," என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஆனால் நான் வாயைத் திறந்த அதே நொடியில், பாய், பெஞ்சு, இடைவழி எல்லாம் சேர்ந்து ஒரே குரலாக முழங்கியது:

"நம்மாளுங்களுக்குப் பசி!"

கூடாரத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. என் சொல் துரைசாணியின் நாற்காலியைத் தாண்டி ஒரு முழம்கூடப் போகவில்லை.

துரைசாணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நன்றாகச் சொன்னாய், எனக்குக் கேட்டது," என்றார். பிறகு, முழக்கத்தில் சொல் எதுவும் பிடிபடாமல், பின்னால் திரும்பிப் பார்த்தார். "அவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"என்னோடு சேர்ந்து படிக்கிறார்கள், மேடம்."

"படிக்கிறார்களா? அந்த எழுத்தையா?"

"ஒரு வரிதான், மேடம். இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறார்கள்."

துரைசாணியின் முகம் மலர்ந்ததை இருட்டிலும் பார்க்க முடிந்தது. வருஷக்கணக்காக நேட்டிவ் பெண்களுக்கு எழுத்தறிவு, எழுத்தறிவு என்று அலைந்தவர். ஒரே வாரத்தில், ஒரு கோட்டுப்படத்தால், கூடாரம் நிறையக் கிடைத்துவிட்டது. ஆடு துலுக்கியபோதும், தப்பியபோதும், கரண்டிக்காரிக்குக் கற்பூரம் காட்டியபோதும் எழுந்த கூச்சல் எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. எல்லாச் சனிக்கிழமையும் அரைநாள் என்று வெளியே போய் முதலாளியிடம் சொன்னார். இந்தப் படத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னார்; பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் பதியுமாம்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் எனக்கு ஒரு நீளமான பிரம்பைக் கொண்டுவந்து கொடுத்தார், எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட. நான் எழுந்து அதை நீட்டினேன். மிஷின் வெளிச்சத்தில் பிரம்பின் நிழல் திரையில் விழுந்தது. தீவில் நம்மாளுங்க பக்கம் ஒரு ஈட்டி கூடிவிட்டது. பாயிலிருந்து கைதட்டல் எழுந்தது. எழுத்து போய், கப்பல் கவிழ்ந்து, ஆடு கரையேறுகிற வரைக்கும் நான் பிரம்பை இறக்கவில்லை. கொஞ்சம் ஆட்டின் பக்கமாகச் சாய்த்தும் பிடித்தேன்.